பிக்குணிக்கு நான் கொடுத்த மகள்

தமிழ்நாட்டில் இருந்த பௌத்தப் பெண் துறவிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஏழு மாத காலம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். என்னுடைய படிப்பு பள்ளியிறுதி வகுப்பு, தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர். பௌத்தம் பற்றி நான் ஒரு புத்தகம்கூடப் படித்தது கிடையாது. டைப் அடித்திருந்தேன், அவ்வளவுதான். கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டவன் தன்னை மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு மணையில் போய் உட்கார்ந்த மாதிரி.

அறுபதுகளின் நடுவில் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. அதில் ஓர் இங்கிலீஷ் மெஷின், ஒரு தமிழ் மெஷின். சோறு போட்டது இங்கிலீஷ் மெஷின்தான். கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலை வருகிறது என்று ஊரே வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நேரம். முகம் தெரியாத எத்தனையோ பேருடைய நல்லொழுக்கத்துக்கு நான் நற்சான்று அடித்திருக்கிறேன். தமிழ் மெஷின் பெரும்பாலும் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று அதில் கதை எழுதினேன். வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். அவை போன வேகத்தில் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டுவரும் தபால்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்தத் தமிழ் மெஷினைத் தேடிக்கொண்டுதான் டீச்சர் மாடியேறி வந்தார். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். நான் கூப்பிட்டது டீச்சர் என்று, இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முப்பத்தெட்டு வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. பெருமாள் கைங்கர்யத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். அந்த வீட்டுப் பெண் தலையை மழித்துக்கொண்ட பிக்குணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து, அதைத் தமிழிலேயே எழுதியும் வைத்திருந்தார்.

"உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அவா பேரைத் தேடிண்டிருக்கேன். நீங்க அடிங்கோ," என்றார்.

அடிக்க அடிக்கத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய கல்வெட்டுகளில் தானம் செய்த பெண்கள் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே பெரும்பாலும் வருகிறார்கள். இந்தத் துறவிப் பெண்கள் சிலர் மட்டும் தங்கள் பெயரை மாத்திரம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அப்பன் பேர் இல்லை, புருஷன் பேர் இல்லை, பிள்ளை பேர் இல்லை. டீச்சரின் ஐந்து வருஷ உழைப்பு மொத்தமும் அந்த ஒரு விஷயத்தின் மேல் நின்றது. அவருடைய வேலையும் அதன் மேல்தான் நின்றது. வருகிற கல்லூரி ஆண்டுக்குள் பட்டம் வந்தால் இடம் நிரந்தரம். வராவிட்டால் ஏற்கெனவே பட்டம் வைத்திருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும் என்று முதல்வர் நேரிலேயே சொல்லிவிட்டாராம்.

ஆய்வேட்டில் எனக்குப் பிடித்துப்போன கல் ஒன்று உண்டு. உப்பிலியபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்தது. டீச்சர் போய் எழுத்து இருக்கிறது என்று காட்டியபோது அந்த வீட்டு அம்மாள், "அதான் அழுக்கு நல்லா போவுதுங்க," என்றாராம். ஈரத்தாளைக் கல்லின் மேல் வைத்து பிரஷ்ஷால் தட்டி, மேலே மையை ஒற்றி டீச்சர் படி எடுத்து வந்திருந்தார். அதற்கு மைப்படி என்று பெயர். ஒரு பிக்குணியின் பெயர், அவள் ஒரு விளக்கு வைத்தாள் என்ற சேதி, அதோடு கல் உடைந்துவிட்டது. அடுத்த துண்டு எங்கே போயிற்றோ, யார் வீட்டுப் படிக்கட்டோ.

உடைந்த இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். அவள் யாருக்காக விளக்கு வைத்தாள்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீழே பாத்திரக்கடையில் பகல் முழுக்கப் பேர் வெட்டுகிற உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குடத்தில், தாம்பாளத்தில், கொடுத்தவர் பேர் இல்லாமல் ஒரு சாமான் வெளியே போகாது. ஒருநாள் டீ குடிக்க இறங்கியபோது, பேர் வெட்டுகிறவர் மடியில் ஒரு குத்துவிளக்கு. அடியில், இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் நினைவாக என்று வெட்டிக்கொண்டிருந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். என் பிக்குணிக்கு மகள் கிடைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு திருட்டையும் சொல்லிவிட வேண்டும். டீச்சருக்கு மூன்று பிரதி வேண்டும். நான் நாலாவதாக ஒரு தாளும் கார்பனும் வைத்து அடித்து, அதை என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் அதில் இருந்தது. பிச்சைப் பாத்திரம், துவராடை, மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்குவது, துறவிகள் தங்கும் பள்ளியில் யார் முதலில் உட்காருவது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, நடுவில் என் சொந்தச் சரக்கையும் கலந்தேன். என் பிக்குணி நிலா வெளிச்சத்தில் காவேரி மணலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டாள். அவளுடைய கூந்தல் காற்றில் பறந்தது. என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏங்க, அவங்க மத்தியானத்துக்கு மேல சாப்பிட மாட்டாங்கன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"இது கதைடி."

"மொட்டைன்னும் சொன்னீங்க."

கூந்தலை எடுத்துவிட்டேன். தயிர்ச்சோற்றை மட்டும் விட மனசு வரவில்லை.

இப்போது என் தொழிலின் ஒரு ரகசியம். நல்ல டைப்பிஸ்ட் படிக்க மாட்டான். கண் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மூளை கிடையாது. எழுத்துப்பிரதியில் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சேர வேண்டிய இடத்தில் குண்டூசியால் குத்திவிடுவார். ஊசி இருந்தால் சீட்டில் இருப்பதை அந்த இடத்தில் அடிக்க வேண்டும், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அந்தக் குத்துவிளக்கு நாளில் எனக்கு வந்த இரண்டு வரியை மறந்துவிடக் கூடாதே என்று நானும் ஒரு சீட்டில் எழுதினேன். டீச்சர் விட்டுப்போன அதே வெள்ளைத்தாள்தான். எழுதி, எந்தக் கல்லைப் பற்றியதோ, இன்னும் அடிக்காத அந்தப் பக்கத்தில், கல் உடைந்த இடத்திலேயே ஓர் ஊசியால் குத்தி வைத்தேன். கதை எழுதும்போது தேட வேண்டாம் பாருங்கள்.

பிறகு கதையை முடித்து அனுப்பினேன். அந்த வரிகள் மனப்பாடமாகவே இருந்ததால் சீட்டைத் தேடவும் இல்லை. ஆய்வேட்டையும் அடித்து முடித்தேன். மூன்று பிரதியும் கறுப்புக் காலிகோ பைண்டு போட்டு, மன்னார்புரத்தில் இருந்த பேராசிரியர் வீட்டுக்குப் போயின. டீச்சருக்கு வழிகாட்டி அவர்தான். அவர் படித்துப் பார்த்துச் சான்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். கெடு அந்த வாரத்தோடு சரி. அதற்கு முந்தின வியாழக்கிழமை எனக்கும் ஒரு கடிதம் வந்தது. கதையை ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்று. தபால்காரரே கை கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் டீச்சரின் எழுத்துப்பிரதியைத் திருப்பிக் கொடுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். குண்டூசிகளைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்வது என் வழக்கம். சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நூற்றுச் சொச்சம் பக்கம் போன பிறகு ஒரு சீட்டு. கையெழுத்து டீச்சருடையது இல்லை. யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என்னுடையது.

பாட்டு நின்றுவிட்டது. அலமாரியைத் திறந்து நாலாவது பிரதியை எடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். கல்வெட்டு வாசகத்தோடு வாசகமாக, உடைந்த கல்லை ஒட்டவைத்து, இறந்துபோன தன் மகளின் பொருட்டு அந்தப் பிக்குணி விளக்கு வைத்திருந்தாள். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்திருந்தேன்.

யாருக்கும் தாயாகவோ மனைவியாகவோ இல்லாமல் நின்ற பெண்கள் என்று ஐந்து வருஷம் எழுதிய ஆய்வேட்டில், முக்கியமான கல்லில், நான் ஒருத்தியைத் தாயாக்கியிருந்தேன். அதோடு அதே வரி இரண்டு வாரத்தில் வாரப் பத்திரிகையிலும் வரப்போகிறது. தேர்வாளர் யாராவது இரண்டையும் பார்த்தால், டீச்சர் ஒரு கதையிலிருந்து கல்வெட்டை எடுத்ததாக ஆகும். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதைச் சொல்லமாட்டேன். பஸ் மூன்று போய்விட்டது.

நாலாவது பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்போது மடியில் பிரதி, கையில் சீட்டு. உத்தர வீதி வீட்டு ரேழியில் டீச்சரின் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். திருமண் பளிச்சென்று இருந்தது.

"யாரது?"

"டைப் அடிக்கறவருப்பா," என்று உள்ளிருந்து டீச்சர் குரல்.

"ஓஹோ. எம்பெருமான் திருவடியிலே பொறந்த கொழந்தைக்கு சாக்கியா சரித்திரத்த அச்சுல ஏத்திக் குடுக்கற மகானுபாவர் நீர்தானா. வாரும்."

டீச்சர் வந்ததும் சீட்டை நீட்டினேன், பிறகு பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பி, தாளை விரலால் தடவிப் பார்த்தார். மங்கலான கார்பன்.

"இது ஏது? மூணு காப்பிதானே போட்டேள்."

நாலாவது பிரதியைத் திருடியதைச் சொன்னேன். கதையைப் பற்றியும் சொன்னேன், பத்திரிகையைப் பற்றியும் சொன்னேன். டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே போய், சாக்குப்பை நிறைய மைப்படிச் சுருள்களோடு வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கேம்மா கெளம்பிட்டே? தளிகை ஆயிடுத்தே," என்றார் அப்பா.

"மன்னார்புரம். வந்து சாப்பிடறேன்." என்னைப் பார்த்து, "பையைத் தூக்கிக்கோங்கோ," என்றார்.

மெயின்கார்டு கேட்டில் பஸ் மாறி மன்னார்புரம் போகும் வரை நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேராசிரியர் மேஜையில் மூன்று கறுப்புப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா. நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம். படிச்சுட்டு உக்கார முடியல, எந்திரிச்சு நடந்தேன். இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே காட்டல?"

ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்த வரியை உரக்க வேறு படித்தார். நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் காது சூடாகி, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. என் எழுத்தைப் படித்துக் கண்ணைத் துடைத்த முதல் ஆள்.

"சார், அந்த வரி கல்லுல இல்லை," என்றார் டீச்சர்.

"இல்லைன்னா?"

"கல்லு அதுக்கு முன்னாடியே ஒடஞ்சிருக்கு."

"அப்ப இது எங்கேருந்து வந்தது?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டேருந்துங்க சார்," என்றேன்.

சொல்லி முடிக்கிற வரைக்கும் பேராசிரியர் என்னைப் பார்க்கவே இல்லை. டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். அந்த மூடி விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

"ஒரு வரி இந்த ஆளு போட்டது, சரி. மத்த வரியெல்லாம் யாரு போட்டதுன்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கறது? நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம் என்றால் டீச்சருக்கு வேலை கிடையாது. அது பேராசிரியருக்கும் தெரியும். குரலைத் தாழ்த்தி, "இல்ல, ஒண்ணு செய்யலாம். வரி நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல 'இவ்வாறு இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு'ன்னு ஒரு வாக்கியம் சேத்துடு. யாரும் கேக்க மாட்டாங்க. தேர்வாளருக்கும் புடிக்கும்," என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. நான் தலையை ஆட்டியே விட்டேன்.

"இடமில்லை சார்," என்றார் டீச்சர். "கல்லே அங்க இல்லை. என்னத்தைக் கருதறது?"

பையைத் திறந்து முதல் சுருளை எடுத்து மேஜை மேல் விரித்தார். "எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம்."

பேராசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்தார். சுருள்கள் திரும்பத் திரும்பச் சுருண்டுகொண்டன. ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. ஆய்வேட்டில் ஒரு கல்வெட்டு, மைப்படியில் அதே கல்வெட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் போனார். ஒவ்வொரு கல் முடிவிலும் நிமிர்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"இது கல்லா, இவரா?"

"கல்லு சார்."

அடுத்த சுருள்.

"இது?"

"கல்லு."

வேறு எந்தப் பக்கத்திலாவது வேறு ஏதாவது குத்தி வைத்தேனா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. பதினோராவது கல்லில் ஒரு இடத்தில் பேராசிரியர் நின்றுவிட்டார். கண்ணாடியை விலக்கினார், கிட்டே கொண்டுபோனார். நான் கந்தனை வேண்டினேன், ரங்கநாதரை வேண்டினேன், சந்தர்ப்பத்தை உத்தேசித்துப் புத்தரையும் வேண்டினேன். கடைசியில், "மை கொஞ்சம் ஊறியிருக்கு," என்று சொல்லி மேலே போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசிச் சுருள் முடிந்தது. மூவரும் சாப்பிடவில்லை. மத்தியானத்துக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நூத்தி நாப்பத்தி மூணை மாத்திக் கொண்டாங்க. திங்கக்கெழம காலைல பத்து மணிக்குள்ள," என்றார் பேராசிரியர். பிறகு தன் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். மூன்று தடவை ஊதினார். வருத்தமாகத்தான் அழித்தார் என்று எனக்குத் தோன்றியது.

மாடி அறையில் டீச்சர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை மூன்று தாள், இரண்டு கார்பன். அவரே எண்ணி வைத்தார். என் இரண்டு வரியை எடுத்துவிட்டால் பக்கத்தில் ஓட்டை விழும், அடுத்த பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மேலே இழுக்க வேண்டுமே என்றேன்.

"எதையும் இழுக்க வேண்டாம். இடத்தை விட்டுடுங்கோ. கல்லு அப்படித்தானே இருக்கு."

இரண்டு வரி அளவுக்கு உருளையைச் சும்மா நகர்த்தினேன். என் தொழிலில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். பைண்டர் பழைய தாளை முதுகோரம் அறுத்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை கையெழுத்து ஆகித் தபாலில் போயிற்று. நானும் தபாலாபீஸுக்குப் போய், கதையை நிறுத்தவும் என்று பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன். அவர்களிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கதையைப் போடச் சொல்லித் தந்தி அடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம், உங்களைப் போல ஒருவரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று.

அதற்கப்புறம் மாதக் கணக்கில் டீச்சர் என் மாடிக்கு வரவில்லை. வாய்மொழித் தேர்வில் அந்த வெற்றிடத்தைக் காட்டி, இங்கே ஏதாவது விட்டுப்போயிற்றா என்று ஒரு தேர்வாளர் கேட்டாராம். கல் விட்டுப்போயிற்று என்றாராம் இவர். பட்டம் வந்தது, இடமும் நிரந்தரம் ஆயிற்று. இதெல்லாம் எனக்குப் பைண்டர் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் டீச்சரே வந்தார். நாலாவது பிரதியைக் கேட்டார். கட்டி வைத்திருந்தேன், கொடுத்தேன். "அந்தக் கதை?" என்றார். அதையும் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். கீழே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தயிர்ச்சோறு வருகிற இடத்தில் மேஜையிலிருந்த என் பென்சிலை எடுத்து ஒரு கோடு அடித்தார். கடைசிப் பக்கத்தில், இறந்த மகளுக்காக விளக்கு எரிகிற இடத்தில் வெகுநேரம் நின்றார். பேராசிரியரே கண்ணைத் துடைத்த இடமாயிற்றே, இவரும் ஏதாவது சொல்லுவார் என்று நான் தூசியே இல்லாத மெஷினைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

தாள்களைத் தட்டி ஒழுங்குபண்ணி மெஷின் மேல் வைத்தார்.

"ஒரு பொம்மனாட்டி வெளக்கு வெச்சா, யாருக்காகன்னு கேக்காம இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"